வினாக்கொத்தோடு யாழ்ப்பாணம்

ஞாயிறு, நல்லூர்

இந்த முறை யாழ்ப்பாணத்துக்கு வந்தது கோயிலும் கோட்டையும் பார்க்க அல்ல. நாடு முழுவதும் நடக்கும் கருத்துக்கணிப்பு ஒன்றின் யாழ் மாவட்டக் களவேலையை மேற்பார்வை செய்ய வந்திருக்கிறேன். விலைவாசி, வேலை, போக்குவரத்து, பொலிஸ் மீதும் நீதிமன்றத்தின் மீதும் உள்ள நம்பிக்கை, அயலவர்களோடு பழக்கம், பெண்கள் இரவில் தனியாகப் போய்வர முடிகிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை. நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். கொழும்பில் இருந்துகொண்டு பல வருடங்களாக இதையே செய்கிறேன். போகும் இடங்களைப் பற்றி அன்றன்றைக்கு எழுதுவேன். கணிப்பின் முடிவுகள் எதுவும் இங்கே வராது. சந்தித்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களிடம் கேட்டுவிட்டு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெயரும் வீடும் வெளியே போகாது என்று படலையில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நாடு முழுவதும் 1,000 பேரிடம் கேட்கும் ஒரு கணிப்பை சனத்தொகை விகிதப்படி பிரித்தால் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது 29 பேர். 1,000 பேரின் பதிலில் பிழை கூடக் குறைய 3 வீதம் என்றால், 29 பேரின் பதிலில் அது 18 வீதம். யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் ஒரு விடயத்தை ஆதரிக்கிறார்கள் என்று அந்த 29 பேரை வைத்துச் சொன்னால், உண்மை 32இலும் இருக்கலாம், 68இலும் இருக்கலாம். பத்திரிகையில் மட்டும் “வடக்கு மக்கள் கருத்து” என்று பெரிய எழுத்தில் வரும்.

இதனால்தான் அக்கறையோடு செய்கிறவர்கள் வடக்கில் விகிதத்தை விடக் கூடுதலானவர்களிடம் கேட்டு, பிறகு நாட்டுக் கணக்கில் சேர்க்கும்போது அவர்கள் ஒவ்வொருவரின் பதிலுக்கும் கொடுக்கும் நிறையைக் குறைக்கிறார்கள். கொழும்பில் இயங்கும் ஆய்வு அமைப்பான மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் சோஷல் இண்டிகேட்டர் பிரிவு 1999 முதல் கருத்துக்கணிப்புகளைச் செய்கிறது. சிங்களவர், தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது அவர்கள் வழக்கம். அந்தப் பிரிப்புக்குள்ளும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு எல்லாம் “தமிழர்” என்ற ஒரே கட்டத்துக்குள்தான் போகும். யுத்த காலத்தில் பல கணிப்புகள் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தன. குடிசன மதிப்பீடே 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்தை முழுமையாக எண்ணியது 2012இல்தான்.

பின்னேரம், வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி. வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த மாவட்டத்துக்காரர், பாதிப் பேர் இப்போதுதான் பட்டம் முடித்தவர்கள். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே அக்கா” என்றார் ஒரு தம்பி. பானையைக் கிளறியிருந்தால் அது சரி. கிளறாத பானையில் மேலே இருக்கிற சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடி பிடித்திருப்பது தெரியாது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜெஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. கார், தொலைபேசி வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலைப் பார்த்து அனுப்பிய அட்டைகள் அவை. ரூஸ்வெல்ட் பெரு வெற்றி பெற்றார். அதைவிட எத்தனையோ மடங்கு குறைவானவர்களிடம் கேட்ட ஜோர்ஜ் கேலப் என்ற கணிப்பாளர் சரியாகச் சொன்னார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட யாரை விட்டுவிட்டோம் என்பதுதான் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பயிற்சியை முடித்தேன்.

திங்கள், குருநகர்

காலை ஒன்பது மணிக்குக் குருநகரில் ஆண்கள் எல்லாரும் நித்திரை. இரவுத் தொழிலுக்குப் போய், விடியக் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்துவிட்டுப் படுத்தவர்கள். வெளியே இருந்தது பெண்களும் வயதானவர்களும்தான். பதில்களை அடித்துக்கொள்ளக் கையில் டெப் வைத்திருக்கும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? இருக்கிறவரிடம் கேட்டு முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றுதான். அப்படிச் செய்தால் குருநகரின் கருத்து என்று நாம் எழுதுவது காலை ஒன்பது மணிக்கு விழித்திருந்தவர்களின் கருத்து மட்டுமே.

அதனால்தான் வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. 1949இல் லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் போட்டுக் கொடுத்த அட்டவணையைச் சிலர் பயன்படுத்துவார்கள். நாங்கள் வயது வந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேட்கிறோம். நித்திரையில் இருந்தால் எழுப்புவதில்லை, திரும்பி வருகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி இரண்டு, மூன்று நடை. களவேலையில் அதிகம் காசு போவது இதற்குத்தான், காசு குறையும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

படலையில் நின்றாலே வரும் கேள்வி, “அஸ்வெசுமவோ பிள்ளை?” 2023இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அந்த அரச உதவித்திட்டம் தொடங்கியபோது வீடு வீடாக வந்து விபரம் எடுத்தார்கள். பெயர் வந்தவர்களும் உண்டு, வராமல் மேன்முறையீடு செய்தவர்களும் உண்டு. ஆகவே கையில் டெப்போடு யார் வந்தாலும் சனம் வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்லும். இதைப் பொய் என்று நான் எழுதமாட்டேன். கேட்கிறவர் யாரென்று தெரியாத இடத்தில் ஒரு குடும்பம் தன்னைக் காத்துக்கொள்வது அது. நாங்கள் செய்யக்கூடியது, எதற்கு வந்தோம், எதற்கு வரவில்லை என்பதை அவசரப்படாமல் சொல்வதுதான். இன்று ஒரு வீட்டில் அதற்கே இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடம் எனக்குப் பெரிய விடயம்.

நான்கு மணிக்குத் திரும்பிப் போனபோது ஒரு அண்ணன் சாரத்தோடு வாசற்படியில் இருந்தார். “உங்கள் வாழ்க்கையில் இப்போது பெரிய பிரச்சினை எது?” அட்டையில் விலைவாசி, வேலையின்மை, போதைப்பொருள், ஊழல் என்று பட்டியல் இருக்கிறது. அவர் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. “கடல்” என்றார். “வேறு” என்ற கட்டத்தில் எங்கள் தங்கச்சி “மீன்பிடிப் பிரச்சினை” என்று அடித்தாள். நான் அவளை நிறுத்தி, அவர் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன். அவர் நிதானமாகச் சொல்ல, அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: “இந்தியன் றோலர் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது. எங்கட பக்கத்திலயும் றோலர் இருக்கு. அதையும் எழுதுங்கோ.” றோலர் கடலடியில் இழுத்துப் போகும் வலையான இழுவைமடியைத் தடைசெய்து 2017இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றிய கேள்வி எங்கள் வினாக்கொத்தில் எங்கேயும் இல்லை. “வேறு” என்ற அந்தச் சின்னக் கட்டம் இல்லாவிட்டால் இந்த மனிதர் கணிப்பிலேயே இல்லை.

செவ்வாய், மயிலிட்டிப் பக்கம்

காங்கேசன்துறைக்குப் போகும் வழியில் புது வீடுகளும் பாழடைந்த வீடுகளும் மாறி மாறி வருகின்றன. 1990இல் இடம்பெயர்ந்த சனம், காணி விடுபட விடுபடத் திரும்பி வருகிறது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் விடுபட்டது. இருபத்தேழு வருடம் முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்துவிட்டு வந்தவர்களிடம் “இந்த ஊரில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்?” என்று கேட்டால் என்ன எழுதுவது? “பிறந்ததிலிருந்து” என்றார் ஒருவர், “மூண்டு வருசம்” என்றார் அவருடைய மனைவி. இரண்டும் சரி. இரண்டையும் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

இன்றைய நாள் முழுக்க ஒரு அம்மாவின் வீட்டிலேயே என் மனம் நிற்கிறது. எழுபது வயதை நெருங்கியவர். மகன் ஒருவரை 2009 முதல் காணவில்லை. நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். உள்ளே முழுக்கப் பத்திரங்கள். அடையாள அட்டைப் பிரதிகள், இறப்பர் முத்திரை குத்திய பற்றுச்சீட்டுகள், மூன்று மொழியிலும் அச்சடித்த படிவங்கள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய கடிதம் ஒன்று. சில தாள்களில் எழுத்து மங்கிவிட்டது. மங்கியதன் மேலே அவரே நீலப் பேனையால் திரும்ப எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த வருடம், யார் வந்தார்கள், எங்கே போய்க் கொடுத்தார் என்று வரிசை தவறாமல் சொன்னார்.

“வந்து கேட்டவை எல்லாரும் நல்லாத்தான் கேட்டவை பிள்ளை. ஒருத்தரும் திரும்பி வந்து, நீங்கள் சொன்னதை இப்பிடி எழுதினனாங்கள், இதுதான் நடந்தது எண்டு சொன்னதில்லை.”

இந்த மண்ணில் கேள்வி கேட்டவர்களின் வரிசை நீளமானது. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தது. 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க இன்னொரு ஆணைக்குழு. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தறிய ஒரு செயலணி நாடு முழுக்கப் போய் 7,306 சமர்ப்பிப்புகளைத் திரட்டி, 2017 ஜனவரியில் அறிக்கை கையளித்தது. அதில் இருந்தவர்கள் உண்மையாக உழைத்தார்கள், அந்த அறிக்கை இன்றைக்கும் வாசிக்க வேண்டியது. அதற்குப் பிறகு காணாமற்போனோர் அலுவலகம். இவற்றுக்கு நடுவே எங்களைப் போன்ற கணிப்புக்காரர், பல்கலைக்கழக ஆய்வாளர், தொண்டு நிறுவனங்கள். கேள்வி கேட்க வந்தவர்களுக்கு ஒரு குறையுமில்லை.

வினாக்கொத்தில் நீதிமன்றத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு கேள்வி. அம்மா பத்திரங்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கிக்கொண்டே, “தெரியாது எண்டு போடுங்கோ” என்றார். “தெரியாது” என்று வந்தால் ஒரு தடவை திரும்பக் கேட்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லும் விதி. எங்கள் பிள்ளை என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

கொழும்பில் அறிக்கை எழுதும் மேசையில் இந்தத் “தெரியாது”க்கு என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணமாக, 100 பேரில் 30 பேர் நம்பிக்கை உண்டு என்கிறார்கள், 30 பேர் இல்லை என்கிறார்கள், 40 பேர் தெரியாது என்கிறார்கள் என்று வைப்போம். அந்த 40 பேரையும் கழித்துவிட்டு மிச்சத்தை நூறாக்கினால் “பாதிப் பேர் நம்புகிறார்கள்” என்று வரைபடம் வரும். செய்தியும் அப்படியே போகும். வடக்கில் பொலிஸ், இராணுவம், நீதிமன்றம் பற்றிக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது கழித்துவிடப்படும் அந்தக் கட்டத்தைத்தான். உண்மையாகவே தெரியாதவர்கள் அதில் இருக்கிறார்கள். தெரிந்தும் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் பிரித்தெழுத ஒரு வழி வேண்டும். “சொல்ல விரும்பவில்லை” என்று தனிக் கட்டம் போடுவது அதில் முதல் படி. இந்தக் கணிப்பில் சண்டை பிடித்துத்தான் அதைப் போட வைத்தேன்.

புதன், கொக்குவில்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. சந்தியிலிருந்து வலக்கைப் பக்கமாகத் திரும்பி, குறிப்பிட்ட இடைவெளி விட்டு வீடு எடுக்கும் முறையில் போனால் இந்தப் பக்கம் பூட்டிய வீடுகள்தான். நல்ல மாடி வீடு, கேற்றில் பெரிய பூட்டு, உள்ளே முற்றம் கூட்டும் ஒரு ஐயா. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ. பூட்டிய வீட்டுக்குப் பதிலாக அடுத்த வீடு என்று போய்க்கொண்டே இருந்தால் திட்டமிட்ட இடைவெளி குழம்பிவிடும். எத்தனை வீட்டைத் தாண்டினோம் என்பதையும் எழுதி வைக்கிறோம்.

கொவிட் காலத்தில் பல கணிப்புகள் தொலைபேசிக்குப் போயின. செலவு குறைவு என்பதால் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். தெரியாத இலக்கத்திலிருந்து ஒருவர் பொலிஸைப் பற்றிக் கேட்டால் இந்த ஊரில் யார் மனம் திறந்து பேசுவார்கள்?

இரவு சாப்பாட்டுக் கடையில் ஒரு பெரியவர், யாழ்ப்பாணம் என்ன நினைக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்தானே, இதற்கு ஏன் சர்வே என்று கேட்டார். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலை ஞாபகப்படுத்தினேன். யாழ் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தெற்கில் பிறந்த ஒரு கட்சிக்கு இங்கே இப்படி நடக்கும் என்று அதற்கு முந்தின மாதம்வரை எத்தனை பேர் சொன்னார்கள்? அவர் யோசித்துவிட்டு, “அது வேற கதை” என்றார். எனக்கு அதுதான் கதை. யாழ்ப்பாணத்துக்கு ஒரே வாய் என்று நினைத்துக்கொண்டு இங்கே கேட்காமல் விட்ட வருடங்கள் அதிகம்.

வியாழன், நெடுந்தீவு

யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். அவற்றின் இலக்கங்கள் ஜே 1இல் தொடங்குகின்றன. ஜே 1 முதல் ஜே 6 வரை நெடுந்தீவு. பட்டியலில் முதலாவதாக இருக்கும் ஊர், போவதற்குக் கடைசியாக இருக்கும் ஊர். கணினி குலுக்கிப் போட்டதில் நெடுந்தீவுப் பிரிவு ஒன்று வந்தபோது, “அதுக்குப் பதிலா வேலணையில் ஒண்டை எடுக்கேலாதோ?” என்று ஒரு கேள்வி வந்தது. எடுக்க முடியாது. போவதற்குக் கடினம் என்று விட்டுவிட்டால், போவதற்குக் கடினமான இடத்தில் வாழ்கிறவர்களின் கருத்து எந்தக் காலத்திலும் வராது. போக்குவரத்தைப் பற்றிய கேள்விக்கு அவர்களைவிட வேறு யார் பதில் சொல்ல வேண்டும்?

விடிய முதல் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக் கூடு, ஆசிரியர்கள், தாதி ஒருவர் என்று எல்லாரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். நடுக்கடலில் படகு ஆடத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, தூரத்தைப் பார்க்கச் சொன்னார். இதே கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவுக்காரர் ஒவ்வொரு வருடமும் அவர்களை நினைவு கூருகிறார்கள்.

இறங்கியதும் வேறு ஊர். பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. சீமெந்து இல்லாமல் கல்லின் மேல் கல். வெளியில் குதிரைகள் மேய்கின்றன. தண்ணீர் உவர்.

ஒரு ஆச்சி விறாந்தையில் இருந்து ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டதற்கு வீட்டில் உள்ள எல்லாரின் நட்சத்திரத்தையும் சொன்னார். மருமகள் அடையாள அட்டைகளை எடுத்துவந்து தந்தார், ஆச்சியேதான் வந்தார். போக்குவரத்துச் சேவையில் எவ்வளவு திருப்தி? ஐந்து படி காட்டும் அட்டையை நீட்டினோம். ஆச்சி யோசிக்கவே இல்லை. மேல் படியில் விரலை வைத்தார். மிகவும் திருப்தி.

நான் இடையில் பேசக்கூடாது. ஆனால் கேள்விகள் முடிந்த பிறகு கேட்டேன்: கடல் கொந்தளித்தால் படகு இல்லை, இரவில் வருத்தம் வந்தால் யாழ்ப்பாணம் போக முடியாது, அப்படியிருக்க எப்படி ஆச்சி? “நான் பிள்ளை பெறேக்க பாய் வள்ளத்தில கொண்டு போனவை. காத்து விழுந்திட்டுது. நடுக்கடலில நிண்டனாங்கள். இப்ப என்ன, இஞ்சின் போட் இருக்குது.” குழந்தை பிழைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆச்சியே சொன்னார், “அவர்தான் இப்ப பாரிசில இருக்கிறார்.”

திருப்தியை அளக்கும் கேள்விகளில் உள்ள பெரிய சிக்கல் இது. மனிதர்கள் தாங்கள் பட்டதோடு ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள். நிறையப் பட்டவர்களுக்குக் கொஞ்சமே போதும். கொழும்பில் பத்து நிமிடம் பஸ் பிந்தினால் கீழ்ப் படிக்கு விரல் போகும், நெடுந்தீவில் ஒரு நாள் படகு ஓடாவிட்டாலும் மேல் படியில் நிற்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, தீவில் போக்குவரத்து நன்றாக இருக்கிறது என்று எந்த அதிகாரியாவது வாசித்துவிட்டால் இந்தச் சனத்துக்கு நாங்கள் செய்தது கெடுதி. அதற்காகத்தான் திருப்தியைக் கேட்கும் இடத்திலெல்லாம் நடந்ததையும் கேட்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது. போன மாதம் எத்தனை நாள் படகு ஓடவில்லை? கடைசியாக ஆசுபத்திரிக்குப் போக எத்தனை மணித்தியாலம் எடுத்தது? எவ்வளவு காசு போனது? ஆச்சியின் மருமகளிடம் இவற்றைக் கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்ன கணக்கு, மேல் படியில் இருந்த விரலுக்கு நேர் எதிர்.

பின்னேரப் படகில் திரும்பினோம். தங்கச்சி ஒருத்திக்குக் கடல் ஒத்துவரவில்லை. குறிகட்டுவானில் இஞ்சிப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. நெடுந்தீவை ஏன் மாற்றவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஆச்சி கொடுத்த ஒடியலைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

வெள்ளி, ஐந்து சந்தியும் கோப்பாயும்

காலையில், முஸ்லிம்கள் வாழும் ஐந்து சந்திப் பக்கம். 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டே மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், புத்தளத்திலேயே தங்கிவிட்டு வந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் இங்கே, சாப்பிட்டுப் படுப்பது அங்கே. நேற்றிரவு இந்த வீட்டில் படுத்தீர்களா என்று கேட்கும் விதியால் இவர்களின் கருத்து யாழ்ப்பாணத்தில் விடுபட்டுப்போகிறது.

பின்னேரம் கோப்பாய். பெண்களின் பாதுகாப்பு பற்றிய பகுதிதான் இன்று சிரமம். மாமியார் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, மருமகளிடம் “வீட்டில் உங்கள் கருத்துக்கு மதிப்பு உண்டா?” என்று கேட்டு எடுக்கும் பதில் மாமியாரின் பதில்தான். இந்த விடயத்தில் 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நலவாழ்வு ஆய்வை நான் எப்போதும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வேன். துணைவர் ஒருவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், வாழ்நாளில் ஒரு தடவையாவது அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஐந்தில் ஒருவர். அந்த எண் சும்மா வந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்படியான ஆய்வுகளுக்கு வகுத்த நெறிகள் கடுமையானவை. கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், ஊருக்குள் ஆய்வின் உண்மைப் பொருளைச் சொல்லாமல் பொதுவான ஒரு பெயரோடு போக வேண்டும், யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சை மாற்ற வேண்டும்.

எங்கள் பிள்ளை அந்த மருமகளிடம் கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டாள். இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். மாமியார் என்னிடம் வெங்காய விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நான் எழும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்த எங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் கேட்கவில்லை. உதவி கிடைக்கும் இடங்களின் தொலைபேசி இலக்கங்கள் உள்ள சின்னத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்ததாக மட்டும் சொன்னாள். அப்படியான துண்டு இல்லாமல் இந்தக் கேள்விகளோடு ஒரு வீட்டுக்குள்ளும் போகக்கூடாது.

சனி, வடமராட்சி

பருத்தித்துறை வீதியில் இருபுறமும் வெங்காயத் தோட்டமும் புகையிலையும். நெல்லியடியில் இறங்கி உள்ளூர்களுக்குள் போனோம்.

அயலவராக யாரை விரும்பமாட்டீர்கள் என்ற கேள்வி உலக மதிப்புகள் கணிப்பில் பல காலமாக இருக்கிறது. வேறு இனத்தவர், வேறு மதத்தவர், குடிகாரர், போதைப்பொருள் பாவிப்பவர் என்று பட்டியல் போகும். எங்கள் வினாக்கொத்தும் அதைப் போன்ற பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. வேறு மதத்தவர் பற்றிக் கேட்டபோது இங்கே எல்லாரும் பெருந்தன்மையாகவே பதில் சொன்னார்கள். சாதி என்ற சொல் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்தில் அயல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவாக இருக்க, அதைக் கேட்காமல் விட்டால் சனம் பெருந்தன்மையாகத்தான் தெரியும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக விடச் சொல்லிச் சனம் போராடிய மண் இது. தேநீர்க் கடைகளுக்குள் போவதற்கும் போராட வேண்டியிருந்தது. அந்தச் சண்டைகள் முடிந்துவிட்டன என்பவர்கள் ஒரு கல்யாணப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

கேட்பவரையும் இது விடாது. ஒரு வீட்டில் எங்கள் தங்கச்சியைப் பார்த்து, “எந்த இடம் பிள்ளை? ஆற்ற மகள்?” என்றார் வீட்டு ஐயா. அவள் ஊரைச் சொன்னாள். “அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கையோ கிழக்கையோ?” அவளுக்கு எதற்காகக் கேட்கிறார் என்று தெரியும், எனக்கும் தெரியும். யாரையும் அவரவர் ஊருக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் விதி, ஆனால் மாவட்டம் சின்னது. “ஐயா, எங்களை அனுப்பின இடம் கொழும்பு” என்று நான் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைத் தொடங்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஐயாவின் பதில்கள் ஒற்றைச் சொல்லில் வந்தன. தண்ணீர் கேட்டபோது எனக்கு வந்த செம்பும் அவளுக்கு வந்த பிளாஸ்டிக் கோப்பையும் வேறு வேறாக இருந்தன.

அவள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வினாக்கொத்தை ஒரு கேள்வியும் விடாமல் முடித்தாள், நன்றி சொன்னாள், வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். வீதியில் வைத்து, “அக்கா, இதை எந்தக் கட்டத்தில எழுதுறது?” என்றாள். மேற்பார்வையாளர் குறிப்புப் பகுதியில் நானே எழுதினேன், அவளுக்கு வாசித்தும் காட்டினேன். அடுத்த கணிப்பில் வடக்குக்கான பகுதியில் சாதி பற்றிய கேள்விகள் வர வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்றை இன்றிரவே அனுப்புகிறேன். கருத்தை மட்டும் கேட்டால் நல்ல பதில்தான் வரும். யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறீர்கள், கடைசியாக யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று நடந்ததைக் கேட்க வேண்டும். கேட்கப் போகும் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதையும் அதிலேயே எழுதுகிறேன்.

ஞாயிறு, புறப்படும் நாள்

காலையில் மயிலிட்டிப் பக்கம் திரும்பப் போனேன். கணிப்பு வேலை எதுவும் அங்கே பாக்கியில்லை. அந்த ஊர் வாசிகசாலையில் நிர்வாகத்தினரைச் சந்திக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வாசிகசாலையோடு ஒரு சனசமூக நிலையம் இருக்கும். இரண்டு வாங்கு, ஒரு நீள மேசை, அன்றைய பத்திரிகைகள், சுவரில் மரண அறிவித்தலும் விளையாட்டுப் போட்டி அறிவித்தலும். காலையில் வயதானவர்கள் வந்து ஒரு பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிக்கிறார்கள். கணிப்பு முடிவுகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் அறிக்கைகள் வெளிவருவது கொழும்பு ஹோட்டல் மண்டபத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ச் சுருக்கம் பல மாதம் கழித்து இணையத்தில் எங்கோ ஒரு மூலையில் ஏறும். பதில் சொன்ன அம்மாவுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரே ஒரு தாள் கொண்டுவந்து ஒட்டலாமா என்று கேட்டேன். என்னென்ன இருக்கும் என்று விசாரித்தார். எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பூட்டியிருந்தன, எத்தனை பேர் மறுத்தார்கள், முக்கியமான பத்துக் கேள்விகளுக்கு மாவட்டம் என்ன சொன்னது, பிழை எவ்வளவு இருக்கலாம், தெரியாது என்றவர்களும் சொல்ல விரும்பாதவர்களும் எத்தனை வீதம், அறிக்கை யார் யாருக்குப் போனது, அதை வாசித்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள். கடைசி விடயத்தைக் கேட்டதும் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுக்கு ஒரு இடம் வெறுமையா விட்டாலும் பரவாயில்லை, பதில் வரேல்லை எண்டு எழுதி ஒட்டுங்கோ” என்றார்.

இந்தத் தாளுக்குக் கணிப்பின் செலவுத் திட்டத்தில் இப்போது இடமில்லை. அச்சடிக்கப் பெரிய காசு ஆகாது, ஆள் வந்து ஒட்டிப் பேசிவிட்டுப் போவதற்குத்தான் செலவு. கிராமத்துக்கு ஒரு அரை நாள். பெரிய வெளியீட்டு விழாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகும் காசைவிடக் குறைவாகத்தான் வரும். கேட்டு எழுதியிருக்கிறேன். இல்லை என்று வந்தாலும், நாங்கள் போன ஒவ்வொரு கிராமத்தின் வாசிகசாலையின் தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கிறார்கள். நெடுந்தீவில் மட்டும் படகு நேரம் பார்த்துத்தான் போக வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறோம்.

அந்த அம்மாவின் வீட்டுக்கும் போய், முடிவுகள் வர ஐந்தாறு மாதம் ஆகும், வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். “திகதியைச் சொல்லுங்கோ” என்றார். சரியான திகதி இப்போது தெரியாது, ஆவணி முடிவதற்குள் என்றேன். அவர் உள்ளே போய் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, ஆவணியில் ஒரு நாளைக் காட்டி, என் கையாலேயே வட்டம் போடச் சொன்னார். போட்டேன். இன்றிரவு பஸ். அடுத்த பதிவு, கேட்ட செலவுக்கு என்ன பதில் வந்தது என்பதைப் பற்றி.